கடலை மூட்டை உட்கார்ந்த நாற்காலி

எங்கே போனாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "யாரும்மா கொண்டாந்து விட்டா?" என்பதுதான். கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. இளம்பிள்ளை வாதத்தில் கால் இரண்டும் சூம்பிப்போன என்னை அண்ணன்தான் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போவான். இருந்தாலும் அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூருக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊருக்குப் பால் சொசைட்டி வந்தது. பத்தாவது படித்திருந்ததால் பால் சோதிக்கிற வேலைக்கு என்னைக் கேட்டார்கள். சொசைட்டித் தலைவர் மட்டும் இழுத்தார். "காலையில அஞ்சரைக்கு இங்க இருக்கணும். பால் வண்டி யாருக்காவவும் நிக்காது. ஒரு மாசம் பாப்போம்" என்றார். அண்ணனோ வெளியூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். இந்த வேலையும் போனால், ஆயுள் முழுக்க நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

திருச்சியில் ஒரு முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்த சாமான் அது. எங்கள் வீட்டிலிருந்து சொசைட்டிக்கு நாலு பர்லாங் வண்டித்தடம், வழியெல்லாம் கல்லும் காய்ந்த கரிசல் கட்டியும். ஒரு முன்சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது அந்தரத்தில் தொங்கும். இரண்டு முறை குப்புற விழுந்தேன்.

அண்ணன் ஊருக்குப் போகுமுன், அவனும் நானும் நாற்காலியைப் பெரம்பலூரில் டிராக்டர் பழுது பார்க்கும் வெல்டிங் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் சைக்கிள் சீட் ஸ்பிரிங் நாலை இருக்கைக்கு அடியில் வைத்தார். எங்கள் பக்கத்தில் ஏணியானாலும் வண்டியானாலும் கடலை மூட்டையை ஏற்றித்தான் சோதிப்பார்கள். அவரும் என் எடைக்கு ஒரு மூட்டையை ஏற்றி, பட்டறை வாசல் ஜல்லியில் உருட்டிக் காட்டினார். "பாத்தியா தங்கச்சி, அசையவே இல்ல!"

நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டாவது கல்லிலேயே ஸ்பிரிங் ஒரு பக்கமாகத் துள்ளி என்னைக் கீழே தள்ளியது. முழங்கை தோல் உரிந்த ஆத்திரத்தில் கத்தினேன்.

"மூட்டைக்குத் தலை இருக்காண்ணே? அது சப்புன்னு உக்காந்திருக்கு. நான் நிமிந்துல்ல உக்காரணும்! நீங்க உக்காந்து பாருங்க."

மனுஷன் ரோஷத்தோடு உட்கார்ந்தார். பத்தடி கூடப் போகவில்லை, மண்ணைக் கவ்வினார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வேலையில் சேர இன்னும் ஐந்தே நாள் என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அப்போது பழுதுக்கு ஒரு டிராக்டர் வாய்க்காலைத் தாண்டி வந்தது. அதன் முன்சக்கரம் ஒன்று மேட்டில் ஏறியது, மற்றது பள்ளத்தில் இறங்கியது. ஓட்டி வந்தவர் மட்டும் சாயாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே! அதுல எப்படிண்ணே சாயல?"

தினமும் கழற்றி மாட்டுகிற அச்சுதான். பட்டறைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முன்னச்சு நடுவுல ஒரே இரும்புப் பின்னுல ஆடுது தங்கச்சி. இத்தன வருசமா இதத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்!"

ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தார். குழந்தை சைக்கிளின் சக்கரங்கள் இரண்டை ஒரு குறுக்கு இரும்பில் மாட்டி, அந்த இரும்பை நாற்காலியின் முன்பக்கம் நடுவில் ஒரே பின்னில் கோத்தார். அது அளவுக்கு மீறிச் சாயாமல் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்தார். குலுக்கலுக்கு, டிராக்டர் டியூப் ரப்பரை மடித்து இருக்கைக்கு அடியில் கொடுத்தார். இந்த முறை மூட்டையைத் தேடவில்லை. தானே முதலில் உட்கார்ந்து, ஜல்லி முழுக்க உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு இடம் விட்டார்.

முதல் நாள் காலை எங்கள் வீட்டுப் பாலைத் தூக்குவாளியில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கை வலித்தது. கல்லில் ஏறும்போதெல்லாம் முன்பக்கம் ஆடியது, நான் ஆடவில்லை. சொசைட்டி வாசலில் நின்றபோது வாளியில் பால் தளும்பியிருந்ததே தவிரச் சிந்தவில்லை.

தலைவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "யாரும்மா கொண்டாந்து விட்டா?"

"நாந்தாங்க" என்றேன்.

அவர் நம்பாமல் தடம் வரை நடந்துபோய்ப் பார்த்தார். புழுதியில் என் சக்கரங்கள் போட்ட கோடுகள் மட்டும் கிடந்தன, பக்கத்தில் யார் காலடியும் இல்லை. திரும்பி வந்து, பாலைச் சோதிக்கிற பால்மானியை எடுத்து என் கையில் கொடுத்தார்.