பல்லுக்காரர் வீட்டுக் குழிகள்

பல்லுக்காரர் தன் மனைவியைக் கொன்று வீட்டு முற்றத்திலேயே புதைத்துவிட்டார் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவர்கள் ஆதாரத்தோடு சொல்வார்கள். ஒரு நாள் காலையில் அவர் நாய் முழுத் தாடை எலும்பைக் கவ்விக்கொண்டு வந்து பேப்பர்காரரின் சைக்கிள் முன்னால் போட்டதாம். பதினான்கு பல்லும் வரிசையாக இருந்ததாம். நாலு வீடு தாண்டுவதற்குள் அது பதினாறாகி, அதில் ஒன்று தங்கப்பல்லும் ஆகிவிட்டது. தங்கம் என் கைவரிசை, ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் அந்தத் தாடையில் இருந்தது நாலே பல். மீதியையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

பல்லுக்காரர் டாக்டர் இல்லை. பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவர். டாக்டர் அளவெடுத்து அனுப்பினால், இவர் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை அச்சு எடுப்பார், மெழுகில் ஈறு வைப்பார், பல் பதிப்பார், மோட்டாரில் தேய்த்து மெருகேற்றுவார். காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி ஏழுக்குத்தான் வீடு. ஊரில் பாதிப் பேரின் வாய் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. தெருவில் யாராவது சிரித்தால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். தான் செய்ததுதானா என்று பார்க்கிறார் என எங்களுக்குப் புரிய வருஷக்கணக்காயிற்று. பேச்சு மட்டும் அவருக்கு வராது. கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவார், அதையும் பாதியில் நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் அவர் மனைவியைக் காணவில்லை. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், முட்டி வலிக்கு வைத்தியம் நடக்கிறது என்றார். மாதம் ஒன்றாயிற்று, மூன்றாயிற்று, எட்டாயிற்று. எந்த முட்டிக்கு எட்டு மாதம் வைத்தியம் என்று தெருவே அதைப் போட்டு மென்றது.

நடுவில் எங்கிருந்தோ ஒரு செவலை நாயைக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் மூச்சுவிட இன்னோர் ஆள் வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். சாயங்காலம் அவர் கதவைத் திறக்கிற சத்தத்துக்கு அது குதித்த குதி இருக்கிறதே, அந்த மனிதருக்காக இந்த ஊரில் வேறு யாரும் அப்படிக் குதித்ததில்லை. ஆனால் அவர் தலை மறைந்ததும் அது தோண்ட ஆரம்பித்துவிடும். கேட்டருகில் ஒன்று, சுவரோரம் ஒன்று, நடு முற்றத்தில் ரெண்டு. தெரு அதற்கு மண்வெட்டி என்று பெயர் வைத்தது.

பல்லுக்காரர் இருந்தது வாடகை வீடு. அதன் சொந்தக்காரரான வீட்டுக்கார அம்மா எதிர் வரிசையில் இருக்கிறார். பொழுதுக்கும் வாய்நிறையச் சிரிக்கிறவர், அந்தச் சிரிப்போடுதான் கெடு வைத்தார். மாசக் கடைசிக்குள் குழி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் வெளியே.

பல்லுக்காரர் செய்யாத வேலை இல்லை. மிளகாய்ப்பொடி தூவினார், ஒரு வாரம் நாயும் அவரும் மாறி மாறித் தும்மினார்கள். வேலை முடிந்து வந்து, நாயைக் குழி வரைக்கும் இழுத்துப் போய் முதுகில் ரெண்டு வைத்தார். அதிலிருந்து கதவுச் சத்தம் கேட்டால் நாய் குதிப்பதை விட்டுத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. குழி மட்டும் குறையவில்லை.

கடைசியில் தன் தொழிலிலேயே ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்த பழைய அச்சுகள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. கல் மாதிரி கனம். அவற்றைக் கொண்டுவந்து குழிகளில் கொட்டி, மேலே மண்ணை மூடி, ஏறி மிதித்தார். புதிதாகக் கிளறின மண்ணைக் கண்டால் நாய்க்குக் கை அரிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பக் கேட்டைத் திறந்த நேரம், பேப்பர்காரர் முன்னால் தாடை விழுந்தது.

பேப்பர்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். ஐந்து நிமிஷத்தில் தெரு முழுக்க முற்றத்தில். வீட்டுக்கார அம்மாதான் முன்னால் நின்றார். நாயும் வேண்டாம், நீயும் வேண்டாம், இன்றைக்கே காலி பண்ணு என்று கத்தினார். பல்லுக்காரர் குனிந்து அந்தத் தாடையை எடுத்து, மண்ணை ஊதி, தரையில் ஒரு தட்டுத் தட்டினார். ஓரம் உடைந்து வெள்ளை மாவு கொட்டியது. கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அச்சைத் திருப்பி அடியில் பார்த்தார். யாருடையது என்று அங்கே பென்சிலில் எழுதியிருக்கும். பார்த்தவர் சட்டென்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றதால் படித்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாவும் படித்துவிட்டார். சொந்தப் பெயரை எவ்வளவு தூரத்திலிருந்தும் படிக்கலாம் போல.

"அம்மா, இது ரொம்பப் பழசு. யாருதுன்னு தெரியல" என்றார் பல்லுக்காரர்.

வீட்டுக்கார அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் சிரிப்பே இல்லை. "சரி சரி, போங்க எல்லாரும். இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். ஆனா குழி நிக்கணும், சொல்லிட்டேன்" என்று மூடின வாய்க்குள்ளிருந்தே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு பல்லுக்காரர் நாயைக் கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். துணைக்கு என்னையும். எனக்கு வேறு வேலையா இருக்கிறது? டாக்டரம்மா நாயைத் தொடவே இல்லை. குழி எங்கே, எப்போது, எவ்வளவு ஆழம் என்று ஒரு வாரம் பார்த்து எழுதி வரச் சொன்னார். அடித்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"எப்பவோ தோண்டினதுக்கு நீங்க வந்து அடிச்சா, அதுக்கு எப்படிங்க புரியும்? நீங்க வந்தாலே அடி விழும்னுதான் நினைச்சுக்கும்."

பல்லுக்காரர் பல்லுக்கு வைக்கிற அளவுகோலால் குழிகளை அளந்தார். சுவரோரத்துக் குழி நாயின் வயிறு அளவு. மத்தியான வெயிலுக்குப் படுக்கத் தோண்டியது. கேட்டுக் குழி, அவர் போனதும் பின்னாலேயே வரத் தோண்டியது. நடுவில் இருந்தவை சும்மா, பொழுது போகாமல். அவர் தாமதமாக வந்த நாளில் ஆழம் அதிகம். அவர் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஒன்றுமே எழுதவில்லை. டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்து அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு எல்லாம் மாறியது. காலையில் அரைமணி நேரம் நாயோடு நடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. இருபத்திரண்டு வருஷத்தில் செய்யாத காரியம். சுவரோரம் நிழலுக்கு ஒரு தகரம், பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. கேட்டடியில் தட்டைக் கற்கள். அச்சுகளைப் பொறுக்கித் திருப்பிக் கொண்டுபோய்விட்டு, ஒரு மூலையில் பலகை அடித்து மணல் கொட்டினார். அதில் தினமும் காய்ந்த ரொட்டித் துண்டையும் ரப்பர் பந்தையும் புதைத்து வைப்பார். வேறு இடத்தில் தோண்டினால் திட்டாமல் மணலுக்குக் கூட்டிவருவார். மூன்றாவது வாரம் முற்றம் சமமாகிவிட்டது, மணல் மூலை மட்டும் கந்தல். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்து, மூடின உதட்டோடு தலையாட்டிவிட்டுப் போனார். நாய் தங்கியது.

ஆனால் தினமும் காலையில் குனிந்து எதையோ புதைக்கிறவரைத் தெரு சும்மா விடுமா? பேச்சு மறுபடி கிளம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் மணல் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

"அண்ணே, தெருவுல ஒரு பேச்சு இருக்கு..."

"தெரியும்" என்றார். ரொட்டியின் மேல் மணலைத் தள்ளிக்கொண்டே, அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத அளவுக்குப் பேசினார்.

"நான் யாரையும் கொல்லல, புதைக்கவும் இல்ல. அவளுக்கு முட்டி வலியும் இல்ல, அது நான் சொன்ன பொய். காலைலேருந்து ராத்திரி ஏழு மணி வரைக்கும் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்த நானும் வாயத் திறக்கல. பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டா. நாய்க்குக் கேட்டத் திறக்கத் தெரியல, தோண்டுச்சு. அவளுக்குத் தெரிஞ்சுது. போய் இத எல்லார்கிட்டயும் சொல்லு தம்பி. தங்கப்பல் கிங்கப்பல் எதுவும் வைக்காம சொல்லு."