ஒரு கையில் திறக்கும் கத்தி

மூடியிருக்கும்போதே அந்தக் கத்தி உள்ளங்கையைத் தாண்டி நீளும். நூக்கு மரப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், பிடிக்குள் முழுசாக அடங்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் தடித்த அலகு. சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கிப்போகும் என்று மாமா அதைக் கால்சட்டைப் பையில்தான் போட்டுக்கொள்வார். மாமா என்றால் என் கணவரின் அப்பா. அவரோடு ஒரு சனிக்கிழமை மத்தியானம் செகந்திராபாத் கடைத்தெருவில் அந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்தவள் நான். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

என்னைப் பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகுதான் மாமாவுக்கு அந்த விபத்து நடந்தது. மழையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தார். பின்னால் வந்த லாரி நின்றுவிட்டது, ஆனால் நீட்டிக்கிடந்த வலது கையைத் தாண்டித்தான் நின்றது. யாரையும் குறை சொல்ல முடியாத விபத்து என்று அவரே சொல்வார். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தள்ளிப்போட்ட கல்யாணம் சில மாதங்கள் கழித்து நடந்தபோது, இடது கையை என் தலைமேல் வைத்துத்தான் ஜெபம் செய்தார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே ஹைதராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது நெல்லைத் தமிழ்தான். ஆனால் வாக்கியத்துக்கு நடுவில் ஆமாவுக்கு ஒரு ஹவ்வும் வேண்டாமுக்கு ஒரு நக்கோவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாமா ஒரு பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில், இயந்திரத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்லும் வேலையில் இருந்தார். விபத்துக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். காலையில் போய் அதில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருவார். வீட்டில் அத்தை சோற்றைப் பிசைந்து கரண்டியோடு வைப்பார், சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவார், செருப்பை நேராகத் திருப்பி வைப்பார். மாமா எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. பேச்சே குறைந்துவிட்டிருந்தது. அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழக்கூடையோடு யார் வந்தாலும் அப்பாதான் நறுக்குவார், பலாப்பழத்தைக்கூட இன்னொருவரைத் தொட விடமாட்டார், அப்பா பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி இருக்கும் என்பார்.

அந்தச் சின்னக் கத்தியை நான் பார்த்தேன். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் என் கணவருக்கு ஷிப்ட் வேலை. அத்தை சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். அன்று சனிக்கிழமை, எனக்கும் மாமாவுக்கும் அலுவலகம் அரை நாள்தான். வீட்டுக்கு வந்து பின்பக்கம் துணி எடுக்கப் போனபோது, கொய்யாமரத்தடியில் மாமா என்னைக் கவனிக்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தார். கையில் அந்தச் சின்னக் கத்தி. அதன் அலகில் நகம் மாட்டித் திறக்க ஒரு பள்ளம் உண்டு. பிடியை ஒரு கையில் பிடித்து மறு கையால் இழுக்க வேண்டும். மாமா பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அலகைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கத்தி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். திரும்பவும் கடித்தார். நான் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் ஒரு பக்கமாகவே மென்றார். பல்லின் ஓரம் உடைந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை நானே கேட்டேன்.

“மாமா, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரலாமா? ஒரு கையால திறக்குற மாதிரி கத்தி கிடைக்குமான்னு பாப்போம்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. “செருப்ப எடுத்துப் போடுதேன், இரும்மா” என்று எழுந்தார். அத்தை அன்றும் சர்ச்சுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் அந்தக் கத்தி வீட்டுக்கே வந்திருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பூட்டும் கத்திரிக்கோலும் தாழ்ப்பாளும் விற்கிற ஒரு குறுகிய கடை. கடைக்காரருக்கு மாமா வயதுதான் இருக்கும். தாடியில் மருதாணி நிறம். மாமா தக்கணி உருதுவில் விஷயத்தைச் சொன்னார். பாதி எனக்குப் புரிந்தது, மீதியை அவர்கள் கை காட்டியதை வைத்து ஊகித்துக்கொண்டேன். பாய் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மாமாவின் கையில் வைத்தார். மாமா அதிலிருந்த பொத்தானை அழுத்தினார். சடக்கென்று நீளமான அலகு வெளியே பாய்ந்தது. பூட்டு வாங்க வந்திருந்த இரண்டு பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

மாமா சிரித்துவிட்டார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். “இத வச்சுக்கிட்டு கோயிலுக்குப் போனா, பாஸ்டர் காணிக்கைப் பைய அப்படியே என் கையில குடுத்துட்டு ஓடிருவாரும்மா” என்றார் என்னிடம். பாயிடம் திரும்பி, “நக்கோ பாய், ரவுடி வேலைக்கு எனக்கு வயசாயிட்டு” என்று அவர் மொழியில் சொன்னார். பாயும் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் தேர்வு சூடுபிடித்தது. அழகான சின்னக் கத்திகளெல்லாம் முதலிலேயே கழிந்தன. அலகு முழுக்கப் பிடிக்குள் மறைந்துவிட்டால் விரலுக்கு எதுவும் அகப்படாது. இறுக்கமானவை அசையவே இல்லை. தளர்ந்தவை திறந்தன, ஆனால் நறுக்கும்போது விரல்மேலேயே மடங்கிவிடும். “மிச்சம் இருக்கது ஒரு கைதான், அதையும் இதுக்கிட்ட குடுக்க முடியாது” என்று அவற்றைத் தள்ளி வைத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அலகை ஆட்டிப் பார்த்து, இடுக்கு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தொழிற்சாலையில் அவர் எப்படி வேலை பார்த்திருப்பார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தேறும், தேறாது.

பாய் எங்களுக்கு முக்காலி போட்டு டீ வரவழைத்தார். பிறகு அவர் செய்ததை நான் மறக்கவில்லை. தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த கத்திகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தானே திறந்து பார்க்க ஆரம்பித்தார். சில கீழே விழுந்தன. ஒன்று அவர் விரலைக் கீறியது. விரலைச் சப்பிவிட்டு அடுத்ததை எடுத்தார். அப்படித்தான் அந்தப் பெரிய கத்தி வெளியே வந்தது. போலாரத்துப் பட்டாளக்காரர்கள் கேட்டு வாங்கிப்போகும் சாதி அது என்றார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலகின் முதுகை இரண்டு விரலால் பற்றிக்கொண்டு கையை ஓர் உதறு உதறினார். கனமான பிடி தன் எடையிலேயே கீழே சுழன்று, கட்டக்கென்று பூட்டிக்கொண்டது. பிடியின் பின்புறம் இருந்த பித்தளை நாக்கைப் பெருவிரலால் அழுத்தி, அலகைத் தொடையில் வைத்துத் தள்ளியதும் மடங்கியது.

மாமா வாங்கிப் பார்த்தார். முதல் உதறலில் பாதிதான் திறந்தது. அடுத்ததில் பூட்டிக்கொண்டது. மடக்கினார், திறந்தார். மடக்கினார், திறந்தார்.

“என்ன மாமா?” என்றேன்.

“தேறும்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். மாமா உற்சாகமாகக் கத்தியை எடுத்து அவர் முன்னால் ஓர் உதறு உதறினார். அத்தை கத்தியை அவர் கையிலிருந்து வாங்கினார். இரண்டு கையாலும் அதை மடக்கி, உள்ளே போய் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா கொஞ்ச நேரம் காலிக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் அத்தையின் பின்னாலேயே போனேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே பேசினார். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றைக்கு மாமா, “இப்படி ஒரு கையோட எதுக்கு இருக்கணும், முடிச்சிக்கிட்டாத் தேவலாம்” என்று சொல்லியிருக்கிறார். அத்தையிடம் மட்டும். அன்றிலிருந்து வீட்டில் சவரபிளேடு கிடையாது, நாவிதர் வீட்டுக்கு வந்து போவார். காய் நறுக்கி முடித்ததும் அரிவாள்மணை பரண்மேல் ஏறிவிடும். அது அந்த வீட்டின் வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னக் கத்தி மட்டும் அவரால் திறக்க முடியாது என்பதால் அவரிடமே இருந்தது.

“எங்ககிட்ட ஏன் அத்தை சொல்லல?”

“எப்படிட்டீ சொல்ல? வாய்விட்டுச் சொன்னா நெசமாயிரும்லா.”

அதற்குப் பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. மாமா கத்தியைக் கேட்கவில்லை, அத்தை கொடுக்கவில்லை. ஆனால் மாமா ஒரு காரியம் செய்தார். தொழிற்சாலையில் தெரிந்த தச்சரிடம் சொல்லி ஒரு பலகை செய்துகொண்டு வந்தார். நடுவில் இரண்டு ஆணிகள் மேல்நோக்கி நின்றன. அதில் பழத்தைக் குத்தி நிறுத்தினால் உருளாது. அந்தப் பலகையை மேசைமேல் வைத்துவிட்டு, கொய்யாமரத்திலிருந்து ஒரு பழம் பறித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். உள்ளே அத்தை அடுப்புப் பக்கம் நின்றார், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“நான் ஆஸ்பத்திரில சொன்னது ஒனக்கு இன்னும் காதுல கேக்கோ?” என்றார் அத்தையிடம்.

“கேக்கு.”

“அன்னைக்கு நெசமாத்தான் சொன்னேன்.”

அத்தை திரும்பினார். “இன்னைக்கு?”

“இன்னைக்கு இந்தக் கொய்யாப்பழத்த நறுக்கணும். அவ்வளவுதான்.”

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தார். நானும் மேசைப் பக்கம் வந்தேன். மாமா நறுக்கி முடிக்கும்வரை அவருடைய தோளை ஒட்டியே நின்றார். துண்டுகள் கோணல்மாணலாக வந்தன, ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. முதல் துண்டைக் கத்திமுனையில் குத்தி மாமா அத்தையிடம் நீட்டினார். அத்தை வாயில் போட்டு மென்றார். “உப்பு வேணும்” என்று சொல்லி வேகமாக அடுப்படிக்குள் போனவர், வெகுநேரம் உப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கத்தி பழத்துக்காக வெளியே வரும், வேலை முடிந்ததும் அத்தை கையை நீட்டுவார், மாமா கொடுத்துவிடுவார், பீரோ பூட்டப்படும். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சப்போட்டா, பப்பாளி, கோடையில் தர்பூசணி என்று எல்லாம் அந்தப் பலகையில் ஏறின. அவருடைய பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் மாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடமே ஓடி வருவார்கள். அத்தை எங்காவது ஓரமாக நின்றுகொண்டிருப்பார்.

இன்றைக்கு அவர்கள் இருவருமே இல்லை. இப்போது யாரும் இப்படியொரு கத்தியோடு ரயில் ஏற முடியுமா என்று தெரியவில்லை. பையை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரங்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது, சில வருடங்கள் கழித்து, எங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரில் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் எல்லோரும் கிளம்பிய அந்தப் பகல்தான்.

மூட்டை முடிச்செல்லாம் ஆட்டோவில் ஏறிவிட்டது. என் கணவர் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை கதவைப் பூட்ட நின்றவர், சட்டென்று மாமாவைப் பார்த்து, “கத்திய எடுத்தீயளா?” என்றார்.

மாமாவுக்குப் புரியவில்லை. “பீரோலல்லா இருக்கு?”

“வழியில பிள்ளைகளுக்குப் பழம் நறுக்க வேண்டாமா?” அத்தை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். “போய் எடுத்துக்கிடுங்க. இனிமே அது ஒங்க பையிலேயே கிடக்கட்டும். எனக்குப் பூட்டித் தெறந்து கை வலிக்கி.”

சொல்லிவிட்டு, தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். மாமா உள்ளே போனார். பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. கீழே ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். போய்ப் பார்க்கலாமா என்று நான் ஓரடி எடுத்து வைத்தேன். பிறகு, அத்தையே திரும்பிப் பார்க்காமல்தானே இறங்கிப் போனார் என்று வாசலிலேயே நின்றுகொண்டேன்.