பரணில் கிடந்த பலாப்பலகைகள்

சுவாமிதாஸ் தடிமில்லில் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கரமனை ஆற்றுப் பக்கம் இரண்டு அறையும் ஓர் அடுக்களையுமாகச் சின்ன வீடு. மரத்துக்கு அங்கே தடி என்று பேர். மில்லில் மரம் அறுத்து மிஞ்சும் துண்டுகள் சும்மா கிடைக்கும். அதனால் டீ போட ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தாலும் சோறும் குழம்பும் வெந்நீரும் விறகடுப்பில்தான். சாயங்காலம் சைக்கிளில் விறகுக்கட்டோடு அவர் வந்து இறங்கினால், "வந்தாச்சு, நாளைக்கு உள்ள புகை!" என்பாள் மனைவி ராகேல்.

அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண். அதில் விறகோடு விறகாக ஏழு பலாப்பலகைகள் ஐந்து வருஷமாகக் கிடந்தன. மில்லுக்கு வந்த முதிர்ந்த மரம் ஒன்றிலிருந்து அவரே பார்த்து அறுத்து எடுத்தவை. புகையில் கிடக்கும் பலகையைப் பூச்சி தொடாது. ஈரம் மெதுவாக வற்றும், பிறகு வளையாது. மகள் லிபிக்குப் பிள்ளை பிறந்தால் தொட்டில் செய்ய அவர் வைத்திருந்த மரம் அது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று எதையும் சேர்த்து வைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். லிபி முதல்முறை உண்டானபோது ராகேல் ஆசையை அடக்க முடியாமல் சாலைக் கடைத்தெருவில் ஒரு குட்டிப் போர்வை வாங்கிவிட்டாள். அந்தக் கரு தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. அதன்பின் அந்த வீட்டில் பிள்ளைப் பேச்சே கிடையாது. மரம் மரமாகவே கிடக்கட்டும், பிள்ளை பிறந்த அன்று உளியை எடுக்கலாம் என்று சுவாமிதாஸ் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாவது முறை ஏழு மாதம் நல்லபடியாகக் கடந்து, லிபி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் கேஸ் குழாய் வந்துவிட்டிருந்ததால் லிபியே எழுதிக் கொடுத்து இணைப்புக்கு ஏற்பாடு செய்தாள். அடுப்பைச் சுவாமிதாஸே சுத்தியலால் உடைத்தார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. பலகைகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட நினைத்திருந்தார். கேஸ்காரர் சனிக்கிழமையே வந்து நின்றார்.

வந்தவர் பரணை அண்ணாந்து பார்த்து, விறகு முழுவதையும் எடுத்தால்தான் இணைப்பு என்று மலையாளத்தில் சொன்னார். "சேட்டா, ஈ விறகு முழுவன் மாற்றணும். எந்நாலே கனெக்ஷன் தரான் பற்றூ."

ராகேலுக்கு அது போதுமே! பக்கத்துத் தெருவில் கல்யாணச் சமையல் எடுக்கும் நெல்லையப்பனுக்கு உடனே போன் போட்டாள். அவர் ஆட்டோவோடு வந்து விறகை ஏற்றத் தொடங்கினார். கரி படிந்து கறுத்துப்போன ஏழு பலகைகளும் கீழே இறங்கின.

"அது இருக்கட்டு" என்றார் சுவாமிதாஸ்.

"எதுக்கு?" என்றாள் ராகேல்.

"சும்மா."

"சும்மா எங்க இருக்கும், என் தலையிலயா? இத்தனை வருஷம் இந்தப் புகையைத் தின்னாச்சு. இனி ஒரு குச்சி இந்த வீட்டில கிடக்கப்படாது, கேட்டேளா?"

நிலையில் சாய்ந்து நின்ற லிபி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "விடும்மா. அப்பாவுக்குக் கரிதான் சொத்து. கெட்டிப்பிடிச்சுட்டு உறங்கட்டு."

"பலாவாக்கும், நின்னு எரியும். ஆனா வேணும்னா சொல்லுங்க அண்ணாச்சி, இறக்கி வச்சிருதேன்" என்றார் நெல்லையப்பன்.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அலமாரி செய்யப்போகிறேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் லிபி அதோடு விடமாட்டாள். என்ன அலமாரி, எங்கே வைக்க என்று குடைந்து அவரிடமிருந்து உண்மையைப் பிடுங்கிவிடுவாள், சின்ன வயசிலேயே அப்படித்தான். அவள் வயிற்றைப் பார்த்தார். தொட்டில் என்ற சொல் அவள் காதில் விழுந்து, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்?

"கொண்டு போங்க" என்றார்.

இரகசியமாய்த் திரும்ப வாங்கிவிடலாம் என்று மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு சைக்கிளை மிதித்தார். நெல்லையப்பன் வீட்டு முற்றத்தில் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று காலையில் ஒரு கல்யாணச் சமையல். அடுப்பில் சாம்பல்தான் மிச்சம்.

நெல்லையப்பன் ஒரு டம்ளர் பாயசத்தோடு வந்தார். "குடிங்க அண்ணாச்சி, உங்க தடியில வெந்ததுதான். என்னா தீ!"

சுவாமிதாஸ் நின்றபடியே குடித்து முடித்தார்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண். மில்லில் வேறு பலா இருந்தது, ஆனால் எல்லாம் பச்சைத் தடி. அறுத்து அடித்தால் ஆறு மாதத்தில் வளைந்து வாய் பிளந்துவிடும், பிள்ளையை நம்பிப் போட முடியாது. மருமகன் பிரபின் கடையிலிருந்து ஓர் இரும்புத் தொட்டில் வாங்கி வந்தான்.

ஒருநாள் அதை ஆட்டிக்கொண்டே லிபி கேட்டாள். "ஏன்ப்பா, இத்தனை வருஷம் தடிமில்லில நின்னுட்டு, இவளுக்கு ஒரு தொட்டில் செய்யணும்னு தோணல்லியா?"

"அவருக்கு அதெல்லாம் எங்க தோணும்!" புது அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த ராகேல் உள்ளேயிருந்து சொன்னாள்.

பிள்ளை பிறந்தாயிற்று, இனிச் சொன்னால் குற்றமில்லை. ஆனால் சொன்னால் அந்தச் சனிக்கிழமையில் தாங்கள் பேசியதெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரும். அன்றைக்கு அந்த அலமாரிப் பொய்யையாவது சொல்லியிருக்கலாம் என்று அவர் நூறு தடவை நினைத்தாயிற்று.

"நல்ல தடி கிடைக்கல்ல மக்ளே" என்றார்.

தொட்டிலின் கொக்கி கிரீச்சிட்டது. கொஞ்சம் எண்ணெய் எடுக்க அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார்.