செம்மண் முடிகிற இடம்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்து ஆளாக்கியது மூன்று பேரை – பெற்ற மகன்கள் இரண்டு, என் தங்கை மகள் ஒருத்தி. படித்தது மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல, என் பெரியவனின் மகள் தர்ஷினி எழுதுகிறாள் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தங்கை மகள் தாராபுரத்தில் நிம்மதியாக இருக்கிறாள். இந்த வாரக் கதையில் அவள் வரமாட்டாள். கொடுத்துவைத்தவள்.

கதை என் மகன்கள் இருவரையும் எங்கள் நிலத்தையும் பற்றியது. அன்னூருக்குப் பக்கத்தில் ஆறு ஏக்கர். சரிவான பூமி. மேலே செம்மண், அதை மேட்டுக்காடு என்போம். கீழே கருமண், அது பள்ளக்காடு. ஈரம் தாங்குகிற கருமண்ணுக்குத்தான் ஊரில் மவுசு. நடுவில் குறுக்கே ஒரு வரப்பு.

இதைப் பங்கு பிரிப்பதில் என்ன சிரமம்? வரப்புக்கு மேலே ஒருவன், கீழே ஒருவன். மேட்டுக்காடு பெரியவன் துரைசாமிக்கு. பள்ளக்காடு சின்னவன் குமாருக்கு. கிணறு பொது. சொல்லிவிட்டேன், முடிந்தது. என் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் தட்டியது கிடையாது.

பெரியவன் தட்டினான்.

“இத்தனை வருசமா காட்டுல கெடந்தவன் நானு. எனக்குச் செம்மண்ணு, டவுன்ல மோட்டார் கம்பெனிக்குப் போற தம்பிக்குக் கருமண்ணுங்களா? செரிங்கம்மா. அப்ப இனிச் சோறும் தம்பி ஊட்டுலயே உண்டுக்குங்க.”

சத்தம் போடவில்லை. எங்கள் பக்கத்தில் சண்டையிலும் ‘ங்க’ குறையாது. அதனால்தான் எனக்கு அது உறைத்தது. கத்தியிருந்தால் கோபம் என்று விட்டுவிடலாம். இது முடிவு செய்துவிட்டுப் பேசுகிற பேச்சு.

நான் இருப்பது பெரியவன் வீட்டில். கோயமுத்தூரில் சின்னவன் வீட்டுக்கு நான் போகாதவள் இல்லை. ஆனால் பேரன் பேத்தியைப் பார்க்கப் போவது வேறு... துணி மூட்டையோடு அனுப்பி வைக்கப்பட்டுப் போவது வேறு, இல்லையா?

பத்திரம் பதிய அடுத்த திங்கட்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

இந்த நேரத்தில்தான் எங்கள் காட்டோரம் ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியது ஒரு பெண்ணும் அவளுக்கு உதவிக்கு ஒரு ஆளும். பெண்ணின் பெயர் ரெஹானா. உக்கடம் பக்கம் வீடு. மண் விஞ்ஞானி. எந்த ஊரில் என்ன மண் என்று வரைபடம் போடுகிறார்களாம். “ஏனுங்கம்மா, உங்க காட்டுல ஒரு குழி தோண்டிப் பாத்துக்கலாங்களா? பாத்துட்டு மூடிக் குடுத்துடறோங்க” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவன் முந்திக்கொண்டான்.

“ஒண்ணு எதுக்குங்க, ரெண்டு தோண்டுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எது ஒசத்தின்னு நீங்க சொல்லிப்போடுங்க. அதை வெச்சு நாங்க பேசிக்கறோம்.”

குமாருக்கும் போன் போனது. அவனும் சரி என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இதுதான். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. படித்தவர்கள் வந்து ஒரு மண்ணை மட்டம் என்று சொல்லிவிட்டால், அதை வாங்கிக்கொண்டவன் ஆயுசுக்கும் என்னை மன்னிப்பானா?

வியாழக்கிழமை காலை பொக்லைன் வந்தது. மேட்டுக்காட்டில் ஆள் உயரத்துக்குக் குழி. ரெஹானா அம்மணி தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஒரு கரையில் பெரியவன், எதிர்க்கரையில் சின்னவன்.

“அண்ணா, வெயில் உளுகற அந்த விளிம்புல நிக்காதீங்க. அந்தச் செவுத்தைத்தான் பாக்கோணும். மேல்மண்ணு அமுங்கிட்டா கணக்கு தப்பாயிரும்” என்றாள்.

பெரியவன் நகர்ந்தான். அந்த ஒரு அடியை அவன் எவ்வளவு கஷ்டப்பட்டு வைத்தான் என்பது எனக்குத் தெரியும்.

மண்ணைப் பார்ப்பது என்றால் இவ்வளவு வேலையா? குழிச் சுவரைக் கத்தியால் சுரண்டினாள். மேலிருந்து கீழே ஒரு டேப்பைத் தொங்கவிட்டாள். நிறம் மாறுகிற இடத்தில் எல்லாம் ஆணி குத்தினாள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கட்டி எடுத்து, தண்ணீர் தெளித்து, ஒரு நிறப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். ஆர்.எஸ்.புரம் கடையில் பட்டுச்சேலைக்கு மேட்ச்சிங் பிளவுஸ் துணி பார்ப்போமே – அதே மாதிரி. சிவப்பு என்றால் சிவப்புதானே? இல்லையாம். அதில் பக்கம் பக்கமாகச் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

பிறகு கட்டியை உடைத்தாள். பொடியாகிறதா, கட்டங்கட்டமாக உடைகிறதா என்று பார்த்தாள். ஈர மண்ணைப் பிசைந்து கட்டைவிரலால் நாடா மாதிரி தள்ளினாள் – எவ்வளவு நீளம் போய் அறுகிறது என்று. ஒரு சின்ன பாட்டிலில் இருந்து ஆசிட் சொட்டு விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அதையும் சொன்னாள். உதவி ஆள் எழுதிக்கொண்டான். அடியில் பாறை உளுத்துப்போய்க் கிடந்தது. அதற்கும் ஆணி.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கும்போது டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் இல்லையா? என் மகன்கள் இரண்டு பேரும் அவள் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்திலோ ஒன்றும் தெரியவில்லை.

“இந்த மண்ணுக்குப் பேர் ஏதும் உண்டா அம்மணி?” என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாள். எங்கேயோ இருக்கிற ஊர். எனக்குச் சுருக்கென்றது. “என் காட்டு மண்ணுக்கு எதுக்கு அசலூர் பேரு?”

“எந்த ஊர்ல மொதல்ல பாத்து எழுதறாங்களோ, அந்த ஊர் பேரையே வெச்சிருவாங்கம்மா. அப்புறம் அதே மாதிரி எங்க இருந்தாலும் அதே பேருதானுங்க.”

“அப்ப எங்க ஊருக்கு மொதல்லயே வந்திருக்கோணும். யாரு வேண்டாம்னது?”

சின்னவன் மட்டும் லேசாகச் சிரித்தான். அண்ணன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அடுத்து பள்ளக்காடு. அங்கே தரையிலேயே கை நுழைகிற வெடிப்பு. குழிக்குள் மண்ணும் மண்ணும் உரசி, எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்தது. ஈரமானால் உப்பி, காய்ந்தால் சுருங்கி, இந்த மண் வருசம் முழுக்க உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்குமாம். நாடா தள்ளினால் அறாமல் நீண்டது. ஆசிட் சொட்டு விட்டதும்... சோடாவைத் திறந்த மாதிரி நுரைத்தது.

குமார் முகம் வெளுத்துவிட்டது. “என்னங்க மேடம், இப்புடி நொரைக்குது? கெட்டுப்போச்சுங்களா?”

“சுண்ணாம்பு இருக்குதுங்க. நொரைச்சா நொரைக்குதுன்னு எழுதுவோம். அவ்வளவுதானுங்க.”

பெரியவனுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. “காலைல இருந்து பாக்கறனுங்க. எது ஒசத்தி? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

அம்மணி குழிக்குள் நின்றபடியே நிமிர்ந்து பார்த்தாள். “நாங்க எழுதறதுல நெறம் இருக்குது, ஆழம் இருக்குது, ஒடையற விதம் இருக்குது, வேர் எதுவரைக்கும் போகுதுன்னு இருக்குது. ஒசத்தி மட்டம்னு ஒரு கட்டமே இல்லைங்கண்ணா. நீங்க என்ன வெள்ளாமை வெக்கறீங்க, தண்ணி எவ்வளவு... அதைச் சொன்னா, அதுக்கு இது தோதாகுமான்னு சொல்லலாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் நாம் முதலில் எந்தக் கட்டத்தை நிரப்புகிறோம்? நல்லவன், கெட்டவன். மற்றதெல்லாம் அப்புறம். சில பேருக்கு அப்புறமும் கிடையாது.

ஆனால் என் மகன்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. பெரியவன் முணுமுணுத்தான். சின்னவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அம்மணி மேலே ஏறி வந்து, திருகி இறக்குகிற ஒரு இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தாள். வரைபடத்தில் கோடு போட, செம்மண் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமாம்.

“வரப்புல முடியுது. அது கொழந்தைக்குக் கூடத் தெரியும்” என்றேன்.

“பாத்துரலாங்கம்மா” என்றாள்.

மேட்டுக்காட்டில் இருந்து கீழே இறங்கிக்கொண்டே அங்கங்கே துளை போட்டாள். வரப்பு வருவதற்கு நெடுந்தூரம் முன்னாலேயே கம்பி முனையில் வந்த மண்ணைப் பார்த்து நின்றுவிட்டாள். மேலே முழங்கை அளவு சிவப்பு. அதற்குக் கீழே கறுப்பு. சொட்டு விட்டாள். நுரைத்தது.

“மழைக்கு மேட்டுல இருந்து செம்மண்ணு கரைஞ்சு வந்து, கருமண்ணு மேல படிஞ்சிருக்குதுங்க. மேலாப்புல பாத்தா செம்மண்ணுதான். உள்ள வேற. நாங்க மேலாப்பைப் பாத்துப் பேர் வெக்கறதில்லைங்கம்மா.”

அதாவது மேட்டுக்காட்டிலேயே பாதிக்குக் கிட்டத்தட்ட கருமண். மேலே எடுப்பவனுக்கு இரண்டு மண்ணும், கீழே எடுப்பவனுக்கு ஒன்றே ஒன்று.

முதலில் பேசியது சின்னவன். “அம்மா, அண்ணன் ஆசைப்பட்ட மாதிரி பள்ளக்காட்டை அவரே வெச்சுக்கட்டும். நான் மேல எடுத்துக்கறேன்.”

“அதெப்படி? அம்மா மேட்டுக்காடு எனக்குன்னுதான் சொன்னாங்க. அம்மா பேச்சை யாரும் தட்டக் கூடாது” என்றான் பெரியவன்.

சொன்னவன் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“நேத்து வரைக்கும் வேண்டாம்னு குதிச்சியே?” என்றான் குமார். ‘ங்க’ இல்லை. அண்ணனை அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

பெரியவன் குனிந்து மண்வெட்டியை எடுத்தான். எதற்கு எடுத்தான் என்று இன்றைக்கும் அவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உதவி ஆள் அம்மணியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஒரு பக்கம் திறந்து கிடக்கிற குழி. இருவரும் எதிரெதிரே. நான் நடந்து போய் வரப்பின்மேல் ஏறி நின்றேன்.

“அம்மணி, இந்த வரப்பை விட்டுப்போட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் நீளவாக்குல பிரிச்சா?”

“ரெண்டு பக்கமும் ரெண்டு மண்ணும் வருங்கம்மா. ஆனா வடக்குல கொஞ்சம் கூடக் கொறையா இருக்கலாம். அது தெரியோணும்னா இன்னும் துளை போடோணும்...”

“வேண்டாம் சாமி. இதுக்கு மேல தோண்டாதே.”

பெரியவனைப் பார்த்துச் சொன்னேன். “நான் மேலாப்பைப் பாத்துப் பிரிச்சுட்டேன். தப்புத்தான். சோறு எங்க உங்கறதுன்னு நான் பாத்துக்கறேன். நீ அந்த மண்வெட்டியால இந்த வரப்பை வெட்டு.”

என் எழுபத்தாறு வயதில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. அவன் என்னைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். பிறகு வரப்புக்கு வந்து, என் காலடியில் இருந்து நாலு எட்டு தள்ளி நின்று, ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். மண் பெயர்ந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் டேப் பிடித்து அளந்தார்கள். “இழு”, “விடுங்க” – இவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார்கள். வடக்குப் பக்கம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சின்னவனுக்கு விழுந்தது. அங்கே கருமண் கூடவா, குறைவா? எனக்குத் தெரியாது. அம்மணிக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் பெரியவன் வீட்டில் எனக்குத் தட்டு வைத்திருந்தது. அவனே குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “ஊத்தட்டுங்களாம்மா?” என்றான். ஊத்து என்றேன்.

போதும் தர்ஷினி. எழுதினதைப் படி கண்ணு, கேட்கிறேன்... மெதுவாகப் படி. சோற்றைப் பற்றி உங்கப்பன் சொன்னதை விட்டுப்போடாமல் படி.