எறும்புக் கிண்ணம்

அம்மாவின் காரியம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: கருப்பம்மாள் எதையும் வீணாக்க மாட்டார். உண்மைதான். அந்தப் பழக்கமே ஒரு முறை அவரைப் படாத பாடு படுத்தியது. அதை யாரும் சொல்லவில்லை. 1982-இல் நடந்தது.

அம்மா பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் மரம் வெட்டி, வடியும் ரப்பர் பாலைச் சேகரித்தார். பிறகு புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலையில் போட்டார்கள். தொழிலாளர் லயத்துக்குக் கீழே ஓடிய ஆற்றில்தான் மருந்து டின்களைக் கழுவினார்கள். அதே ஆற்றில் இன்னும் கீழே மற்றவர்கள் குளித்தார்கள். ஒரு நாள் காலையில் மீன்கள் வயிறு மேலே தெரிய ஒதுங்கிக் கிடந்தன. அதன் பிறகு அம்மா எந்த விஷத்தையும் வீட்டுக்குள் சேர்த்ததில்லை. எறும்பு மருந்து, எலி மருந்து, கொசுவத்தி எதுவும் கிடையாது.

தோட்டம் கைமாறியபின் ஈப்போவுக்கு வந்தோம். மலிவு விலை வரிசை வீடு. அப்பாவுக்குப் பத்துமலைக்கு லோரி ஓட்டும் வேலை. அம்மா நைனா முகம்மது கடையில் தட்டுக் கழுவினார். கடையில் வடிகட்டி எறிந்த காப்பித் தூளைக் கொண்டு வந்து மிளகாய்ச் செடிக்குப் போடுவார். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. கறி வாங்க எனாமல் தூக்கு. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் அங்கேயே பிரித்துத் தூக்கில் ஊற்றிவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டு முன்னால் ஓடும் லோங்காங் சாக்கடையில் எண்ணெய் ஊற்ற விடமாட்டார்.

"அது எங்க போவுதுன்னு நெனைக்கிற? நேரா கிந்தா ஆத்துக்குத்தான்" என்பார்.

பின்கட்டில் மழைத் தண்ணீருக்கு இரண்டு ட்ரம். வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருக்கும். உள்ளே லோங்காங்கில் பிடித்த சின்ன மீன்கள்.

சமையல்கட்டில் வலைக் கதவு போட்ட சாப்பாட்டு அலமாரி. அதன் ஒவ்வொரு காலும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் நிற்கும். கிண்ணத்தில் தண்ணீர். எறும்பு தண்ணீரைத் தாண்டி ஏறாது, மருந்தும் தேவையில்லை. எங்கள் வரிசையில் பல வீடுகளில் இந்த ஏற்பாடு உண்டு. தண்ணீர் குறைந்தால் அம்மா மேலே கொஞ்சம் ஊற்றுவார். பழையதைக் கொட்டமாட்டார். நல்ல தண்ணீரை எதற்குக் கொட்ட வேண்டும்?

பக்கத்து வீட்டு மங்களம் எறும்புக்கு மருந்துப் பொடி தூவுகிறவர். அவருக்கு ஒரே மகள், லோகேஸ்வரி. லோகா என்று கூப்பிடுவோம். அந்தக் குழந்தை தரையில் விழுந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்பதை அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டார். அன்றே பொடியைத் துடைத்தெடுத்து, தன் கையாலேயே மங்களத்தின் அலமாரிக் கால்களுக்கும் கிண்ணம் வைத்துக் கொடுத்தார்.

"எறும்புக்குக் கூட நீச்சக் குளம் கட்டிக் குடுக்கிறாங்க எங்கக்கா" என்று மங்களம் வரிசை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்த வருஷம் ஊரெல்லாம் டெங்கி. லோகாவுக்குக் காய்ச்சல் வந்து, கையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணி எடுக்க வீட்டுக்கு வந்த மங்களம் பின் சுவர் அருகே நின்று எங்கள் ட்ரம்களையே பார்த்தார்.

"ஒங்க ட்ரம்முதாங்க்கா."

"துணி கட்டியிருக்கேன் மங்களம். உள்ள மீனு கெடக்கு."

"மீனு கெடக்காம்லா. எல்லாரும் பைப்புத் தண்ணி பொழங்குறாங்க. நீங்கதான் மழைத் தண்ணிய தேக்கிவச்சுக் கொசு வளக்குறீங்க. எம்புள்ள அங்க ஊசிய குத்திக்கிட்டுக் கெடக்குது."

மங்களம் போனபின் அம்மா துணியை அவிழ்த்து ட்ரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நான் அப்போது பாலிடெக்னிக் முடித்து, தண்ணீர் சுத்திகரிக்கும் இடத்தில் ஆய்வுக்கூட வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

"நீ தண்ணிய சோதிக்கிற ஆளு. சொல்லு. எங்கிட்ட இருந்துதான் அந்தப் புள்ளைக்குப் போயிருக்குமா?"

"ட்ரம்முல ஒண்ணும் இல்லம்மா."

"வேற எங்கயாச்சும்?"

"தெரியல."

அம்மா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் 'கெசாத்தான்' என்று நாங்கள் சொல்லும் சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைமை வகித்தவர் ஜெயபாலன் என்ற பரிசோதகர். மங்களத்தின் வீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை நேராக ட்ரம்மிடம் அழைத்துப் போனார்.

"நல்லாப் பாருங்க தம்பி. அடி வரைக்கும் பாருங்க."

அவர் பார்த்தார். "மீனெல்லாம் கொழுத்துப் போயிருக்கு. இங்க ஒரு கொசுப் புழு தப்பிக்காது. வீட்டுக்குள்ள பாக்கலாமாக்கா?"

சமையல்கட்டில் அலமாரி முன்னால் முட்டி போட்டார். கிண்ணத்தில் டார்ச் அடித்தார். ஒரு வெள்ளைத் தட்டு கேட்டு, குழாயால் தண்ணீரை உறிஞ்சி அதில் விட்டார். நூல் துண்டுகள்போலச் சில கொசுப் புழுக்கள் நெளிந்தன.

"பக்கத்து வீட்டுலயும் இதே எடத்துலதான் இருந்திச்சு" என்றார். "இந்த வரிசையில பாதி வீட்ல இருக்கும். எந்த வீட்டுக் கொசு கடிச்சிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அம்மா தட்டைக் கையில் எடுத்து, நெளிவதைக் கிட்டத்தில் பார்த்தார்.

இந்தக் கொசு அழுக்குத் தண்ணீரைத் தேடாது. வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் சுத்தமான தண்ணீர் போதும். முட்டையை ஓரத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டும். அடுத்து மேலே தண்ணீர் ஊற்றும்போது முட்டை நனைந்து பொரியும். அம்மா கேட்டபோது இதைச் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாம், வண்டிய எடு" என்றார்.

"எதுக்கு?" என்றார் அப்பா.

"மங்களத்துக்கிட்ட சொல்லணும். அவ வீட்ல கிண்ணம் வச்சது நான்."

"கெசாத்தான்காரனே யாரு வீட்டுதுன்னு தெரியாதுங்கிறான். நீயா போய் எதுக்கு வாயக் குடுக்கிற? பேசாம இருலா."

"அவ ட்ரம்மையே நெனைச்சுக்கிட்டு இருப்பா. இல்லாத ஒண்ண நெனைச்சு ஏன் எரியணும்?"

மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போனேன். மங்களம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மா உட்காரவில்லை.

"மங்களம், ட்ரம்முல இல்ல. கிண்ணத்துல இருந்திச்சு. எங்க வீட்லயும் இருந்திச்சு, ஒங்க வீட்லயும் இருந்திச்சு. ஒங்க வீட்ல வச்சது நான்."

"நீங்க வச்சப்ப சுத்தமாத்தானே வச்சீங்க" என்றார் மங்களம். "அப்புறம் நான் ஒரு நாளாச்சும் கொட்டுனேனா? குனிஞ்சுகூடப் பாக்கல."

"நானும்தான் கொட்டல."

"காச்ச விட்டிருச்சுக்கா. ஆனா டாக்டர் இப்பத்தான் கவனமாப் பாக்கணும்ங்கிறாரு. காச்ச விட்டா நல்லதுதானே? ஏன் அப்படிச் சொல்றாரு?"

அம்மா என்னைப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும்: டெங்கியில் காய்ச்சல் விட்ட பிறகுதான் பெரிய ஆபத்து. "இன்னைக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

மங்களம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அம்மா உட்கார்ந்தார். நான் வேலைக்குப் போனேன்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருவரும் அதே பெஞ்சில் ஒரே பொட்டலத்திலிருந்து மீகூன் சேமியா தின்றுகொண்டிருந்தார்கள். ரத்தத் தட்டணு எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டதாம். லோகா மைலோ கேட்டாளாம்; சூடு ஆறவில்லை என்று தாதியிடம் சண்டையும் போட்டாளாம்.

"சண்ட போடுறாடா" என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா சண்ட போடுறா" என்று இன்னொரு முறை சொன்னார்.

லோகா வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே அம்மா எங்கள் கிண்ணங்களை எடுத்துத் தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். மங்களம் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"எறும்புக்கு இப்ப என்னாக்கா செய்யிறது? பழையபடி பொடி வாங்கட்டுமா?"

"பொடி வேணாம். வெள்ளிக்கு வெள்ளி கொட்டிட்டு, தேய்ச்சுட்டு, புதுத் தண்ணி ஊத்து."

"கொட்டவா? கருப்பம்மாக்கா வாயிலருந்தா இது வருது?" மங்களம் தெருப்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் வந்து பாருங்கலா, எங்கக்கா தண்ணியக் கொட்டச் சொல்றாங்க."

"தரையிலயாடி கொட்டச் சொன்னேன்? செடிக்கு ஊத்து."

மங்களம் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். கிண்ணத் தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றினார். மண் உடனே குடித்துவிட்டது.

மத்தியானம் லோகா எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா பிசைந்து கொடுத்த ரசச் சோற்றைப் பாதி தின்று, பாதியை மிச்சம் வைத்தாள். மிச்சத்தை அம்மாவே தின்றார். தட்டைக் கழுவாமல் நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே தூங்கிவிட்டார். குறட்டை வாசல்வரை கேட்டது. நாங்கள் யாரும் எழுப்பவில்லை.