கசிந்துபோன வினாத்தாள்

சித்தப்பா பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போட விடமாட்டார். அரசு வேலைக்கான தேர்வில் அவற்றிலிருந்துதான் கேள்வி வரும் என்று சொல்லி, எங்கள் ஆரணி வீட்டின் உள்ளறையில் இடுப்பளவுக்கு அடுக்கி வைத்திருந்தார். பி.காம். முடித்து மூன்று வருடங்களாக அங்கேயே உட்கார்ந்து படித்தார். பக்கத்து அறையில் அப்பா இரண்டு விசைத்தறிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பி தறியில் நிற்கக் கூடாது, நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவருக்குப் பேப்பர் படிக்க நேரம் இருந்ததில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. படித்துச் சலித்த நேரங்களில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவச் சொல்வார். தலைப்பை மட்டும் நான் படிக்க வேண்டும். பிறகு என்ன நடந்தது என்பதை அவர் சொல்வார். ‘பெரணமல்லூர் அருகே சிறுத்தை நடமாட்டம்’ என்று நான் படித்தால், அந்தச் சிறுத்தை முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணிக்கு வந்து, நாலு கடை ஏறி இறங்கி, பார்டர் பிடிக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கும். ‘தங்கம் விலை புதிய உச்சம்’ என்றால், அந்த உச்சத்தில் ஏறிய தட்டார் ஒருவர் இறங்கத் தெரியாமல் அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார். தறிச் சத்தத்தை மீற வேண்டியிருந்ததால் கதைகளை அவர் கத்தித்தான் சொன்னார். நானும் கத்தியே பழகினேன்.

ஒருநாள் நான் உருவிய தாளில் ‘வினாத்தாள் கசிவு: தேர்வு ரத்து’ என்று இருந்தது. சித்தப்பா அதைக் கையில் வாங்கி ஒருமுறை படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“கசிஞ்ச வினாத்தாள் கதவுக்கு அடியில பூந்து, காவாயில ஓடி, பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, பெங்களூர் பஸ் ஏறிடுச்சி. அங்க அதுக்கு வேலையும் கெடச்சிடுச்சி. எழுதப் போனவன்தான் இன்னும் குந்திகினு இருக்கான்.”

“யாரு சித்தப்பா எழுதப் போனது?”

“நான்தான்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டில் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தத் தை மாதம் போளூரிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். தறிகளை நிறுத்திவிட்டு அப்பா வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு வேலை எப்போது என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

“எழுதிட்டாருங்க. ரிசல்ட் வரணும், அவ்ளோதான்” என்றார் அப்பா. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பரிட்சைதான் பெங்களூருக்குப் போயிடுச்சே” என்றேன், தறி ஓடும்போது பேசுகிற அதே குரலில்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாதா? கை கால் ஆட்டி முழுக் கதையையும் சொன்னேன். பாப்பா நன்றாகப் பேசுகிறாள் என்று மெச்சிய பெண்ணின் அப்பா, அது எந்தப் பரிட்சை என்று கேட்டார். ஓடிப்போய்த் தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தவர், மடித்து அப்பாவிடம் நீட்டினார். தம்பி எழுதிய தேர்வு என்ன ஆனது என்பதை அப்பா அப்படித்தான் தெரிந்துகொண்டார். வந்தவர்கள் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள்.

“எப்போடா ஆச்சி இது?”

“ஒன்பது மாசம் ஆவுதுண்ணா.”

“ஒன்பது மாசமா இன்னாதாண்டா படிச்சிகினு இருந்த?”

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். அழுத என்னைச் சித்தப்பாதான் இழுத்து அணைத்துக்கொண்டார். “அழாத. நான் சொன்னதவிட நீ நல்லாவே சொன்ன.”

ஒரு வாரத்தில் பேப்பர்கள் மொத்தமும் எடைக்குப் போயின. சித்தப்பா செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தார். சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் அவரை இறக்கிவிடும்.

அவர் சொன்னதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். தெருப் பிள்ளைகளைக் கூட்டி அந்தக் கதையைத் தினமும் சொன்னேன். பெங்களூரில் பெரிய ஆளாகிவிட்ட வினாத்தாள், பாவம் பார்த்துச் சித்தப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது என்று முடிவையும் நானே சேர்த்தேன். ஒரு சாயங்காலம் வேன் எங்கள் எதிரிலேயே வந்து நின்றது. சாப்பாட்டுப் பையோடு இறங்கியவரைப் பார்த்து, “வினாத்தாள் சித்தப்பா” என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். நான்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினேன். அவர் சிரித்தபடி கடந்து போனார்.

மறுநாளிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின்தெரு வழியாக நடந்து வர ஆரம்பித்தார். அந்த வழி வீட்டுக்குக் கிட்டம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.