டீ வேளைச் சிரிப்பு

கேக் மேல் க்ரீமில் பூப் போடுவதில் அந்த பேக்கரியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாடிக்கையாளர்கள் 'பூக்கார அக்கா' என்றே கேட்டு வருவார்கள். நடுவயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதுகளையும் வாரிக்கொண்டு போனது. பேச்சு மட்டும் பழையபடி வெடுக்கென்று மிச்சமிருந்தது. எதிரே நின்று ஒருவர் பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் திண்டாட்டம்தான்.

முதலாளி தங்கமான மனிதர். அவளை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அடுப்பின் மணி அடித்தால் கூடவே எரிய ஒரு சிவப்பு விளக்குப் போட்டார். பின்வாசல் மணிக்கு ஒரு பச்சை விளக்கு. கையோடு கையாக, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக முன்வாசல் படியை இடித்துச் சாய்தளம் கட்டினார், கல்லா மேசையையும் தாழ்த்தினார். வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை வேறு. டீ வேளைக்கு அவளுக்கென்று சன்னலோரம் தனி நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். ஏனாம்? அங்கே அமைதியாக இருக்குமாம்! காது கேட்காதவளுக்கு அமைதியைத் தேடிக் கொடுத்த புண்ணியவான் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவள் ஏங்கியதோ நடுவிலிருந்த மேசைக்கு. மாவு பிசைகிறவர், அடுப்புக்காரர், கல்லாவில் நிற்கும் பெண், முதலாளி எல்லோரும் டீயும் கையுமாக உட்கார்ந்தால் ஒரே ரகளை. காது இருந்த காலத்தில் அந்த ரகளையில் பாதி அவளுடையது. இப்போது வாய்கள் அசைவதும் தோள்கள் குலுங்குவதும்தான் தெரிந்தன. அவர்கள் சிரித்தால் அவளும் சிரித்து வைப்பாள், கொஞ்சம் தாமதமாக. அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்காது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் மனம் அந்த மேசையையே சுற்றிச் சுற்றி வரும்.

அன்று அடுப்புக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் எழுந்து போய், "என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா, சும்மா."

அவ்வளவுதான், பொறுமை பறந்தது. "ரொட்டி வெந்துடுச்சுன்னா அந்த அடுப்புகூட என்கிட்ட சொல்லுது. வாய் இருக்கிற நீங்க சொல்ல மாட்டேங்கிறீங்களே!"

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் அவளுடைய நாற்காலியைத் தூக்கி வந்து, எல்லோர் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டார். "என்ன பண்ணணும்னு நீயே சொல்லும்மா."

"ஒருத்தர் முடிச்ச பிறகு இன்னொருத்தர் பேசுங்க. என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க. வேற என்னண்ணே கேக்கறேன்?"

சொல்ல எளிது. அடுத்தவர் பேச்சில் பாய்வதே அந்த மேசையின் வழக்கம். மாவு பிசைகிறவர் தன் வாயைத் தானே பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அடுப்புக்காரர் அவள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொன்னார்.

"காலையில முதலாளி மூக்கு நுனியில க்ரீம். அதைத் துடைக்காமலே ஒரு வாடிக்கையாளர்கிட்ட, எங்க கடை சுத்தத்துக்குப் பேர் போனதுங்கன்னு ஒரே அளப்பு!"

"அட, இதுக்கா இப்படி விழுந்து விழுந்து சிரிச்சீங்க?" என்று அவள் கேட்கும்போதே முதலாளி தன்னையறியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேசையே குலுங்கியது. அவளும் சிரித்தாள், தாமதமில்லாமல், அவர்களோடு சேர்ந்து.

சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "சரி, நேத்து எதுக்குச் சிரிச்சீங்க? போன வாரம் கல்லாப் பொண்ணு டீயைக் கொட்டிக்கிட்டு சிரிச்சாளே, அது? மழை பெஞ்ச அன்னிக்கு மாவு மூட்டை மேலயே சாஞ்சுட்டீங்களே, அது என்ன?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் நினைவில்லை.